இரண்டு நிமிடத்தில் சூடாகாத சாகே

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் பாக்கி. டிவியில் ஆள் தெரிகிறது, அசைவு தெரிகிறது, கீழே ஓடும் சின்ன எழுத்து மட்டும் தெரிவதில்லை. தெரிந்தாலும் அந்த வேகத்தில் ஆங்கிலம் படிக்க அவரால் ஆகாது. 31 வருடம் பஸ் ஓட்டியவர், படிப்பு எட்டாவதோடு சரி. அதனால் சனிக்கிழமை ராத்திரிகளில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சப்டைட்டிலைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். ஆறு மாதமாக இப்படித்தான். கொரியப் படம், ஜப்பானியப் படம் என்று இதுவரை பதினெட்டு பார்த்திருக்கிறோம். எனக்கு ஏற்கெனவே பிடித்திருந்த பல படங்கள் இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போதுதான் முழுசாகப் புரிந்தன. அதில் சிலவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

'கொரியன் படம் பார்ப்பேன்' என்று ஆபீசில் சொன்னால் எல்லோரும் சுத்தியல் சண்டையும் பழிவாங்கும் கதையும்தான் கேட்கிறார்கள். அவையும் நல்ல படங்கள்தான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது வேறு வகைப் படங்களிடம். ஒரு விடுதி, ஒரு காபிக் கடை, ஒரு பாழடைந்த கட்டடம். அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் நாலு பேர். அவர்கள் தலையில் நடக்கவே முடியாத ஒரு சங்கதி வந்து விழும். அப்போதும் அவர்களால் வேலையை விட முடியாது. இந்த வகைப் படங்கள்மேல் எனக்குத் தீராத ஆசை.

போன மாதம் பார்த்தது 'ரிவர்'. 2023இல் வந்த ஜப்பானியப் படம், 86 நிமிடம். இயக்கியவர் ஜுன்டா யமகுச்சி. ஜப்பானியத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஆறே, ஓடாமல் இரேன்' என்கிற மாதிரி வரும். கியோட்டோ நகரத்துக்கு வடக்கே மலைப் பக்கமாக கிபுனே என்று ஓர் ஊர் இருக்கிறது. சின்னதாக ஓர் ஆறு, அதை ஒட்டி ஒரு தெரு, தெருவோரம் பழைய விடுதிகள், நீர்த் தெய்வத்துக்கு ஒரு கோயில். கோடையில் ஆற்றுத் தண்ணீருக்கு மேலேயே மேடை போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள். படம் நடப்பது குளிர்காலத்தில், ஃபுஜியா என்ற விடுதியில். அது செட் இல்லை, அங்கே நிஜமாகவே இருக்கிற விடுதி.

மிகோட்டோ அங்கே பரிமாறும் பெண். விடுதிக்குப் பின்னால் ஆற்றோரம் நின்றுகொண்டிருக்கிறாள். உள்ளே கூப்பிடுகிறார்கள், போகிறாள், மேஜையைத் துடைக்கிறாள். திடீரென்று பார்த்தால் மறுபடி அதே ஆற்றோரம், அதே இடத்தில் நிற்கிறாள். இரண்டு நிமிடம்தான் போயிருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் திரும்பத் திரும்ப வருகிறது.

காலச்சுழல் படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள், நம் தமிழிலேயே வந்திருக்கிறது. பெரும்பாலும் நாயகன் ஒருவனுக்குத்தான் நடந்தது நினைவிருக்கும், மற்றவர்கள் எல்லாம் பொம்மை மாதிரி அதையே செய்வார்கள். 'ரிவர்' படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விடுதியின் முதலாளியம்மா, சமையல்காரர்கள், மாடியில் தங்கியிருக்கும் எழுத்தாளர், குளியலறையில் தலை நிறைய ஷாம்பு நுரையோடு மாட்டிக்கொண்டவர் என்று அத்தனை பேருக்கும் தெரிகிறது. உடம்பும் பொருளும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன, மனசு மட்டும் திரும்புவதில்லை. இந்த ஒரு மாற்றத்தில் படமே வேறாகிவிட்டது. தனி ஒருத்தியின் சிக்கல் ஊர்ச் சிக்கலாகிவிடுகிறது. கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும், ஆனால் கூட்டத்துக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அதிலும் பாதி, அவரவர் இருந்த இடத்திலிருந்து ஓடி வருவதிலேயே போய்விடும்.

நான் பார்க்கச் சொல்வது அந்த ஓட்டத்தை. ஒவ்வொரு சுற்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கேமரா மிகோட்டோவின் முதுகைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஆற்றோரம், பின்வாசல், செருப்பு, படி, மேல் மாடி நடை. அஞ்சாறு சுற்றுக்குள் அந்த விடுதி நமக்கு நம் வீடு மாதிரி பழகிவிடுகிறது. இந்தப் பக்கம் திரும்பினால் சமையல்கட்டு, அந்தப் படி ஏறினால் எழுத்தாளர் அறை என்று கால் தானாகச் சொல்லும். வரைபடம் காட்டாமல், வசனத்தில் விளக்காமல் ஒரு கட்டடத்தை இப்படிப் பார்வையாளரின் உடம்புக்குள் ஏற்றிய படம் நான் வேறு பார்த்ததில்லை.

அப்பா கவனித்தது வேறு. விடுதியில் ஒரு பெண் சாகேயை, அதாவது ஜப்பானிய அரிசி மதுவை, சுட வைக்கிறாள். சின்ன ஜாடியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் தர வேண்டும். ஆனால் சூடு ஏறுவதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிடுகிறது. எத்தனை முறை வைத்தாலும் அது குளிர்ந்த சாகேதான். இன்னோர் அறையில் இரண்டு நண்பர்கள் சாப்பாட்டின் கடைசியில் கஞ்சி குடிக்கிறார்கள், குடிக்கக் குடிக்கக் கிண்ணம் நிறைந்துவிடுகிறது. நான் கஞ்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு கஷ்டம் பாரு பாப்பா. உலகமே நின்னு போச்சு, ஆனா அவளுக்கு, கஸ்டமர் காத்துக்கிட்டு இருக்காரேன்னுதான் ஓடுது" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆமாம், இந்தப் படத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது. காலம் உடைந்துபோனது தெரிந்ததும் அந்தப் பணியாளர்கள் முதலில் செய்வது விருந்தாளிகளின் அறைக்கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்பது. தங்கள் தவறே இல்லாத ஒன்றுக்குக் குனிந்து வணங்கி, 'பொறுத்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்கிறார்கள். மலைப்பாதையில் பஸ் நின்றுபோனால் அப்பாவும் கண்டக்டரும் பயணிகளிடம் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

எழுத்தாளர் பாத்திரம் இன்னொரு நல்ல விஷயம். அவருக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. காலம் நின்றதும் கெடு வராது என்று கொண்டாடுகிறார். கொஞ்ச நேரத்தில், எழுதுவதும் தங்காது, அழிந்துபோகும் என்று தெரிகிறது. அந்த முகம் மாறுகிற இடம் ரொம்ப நிதானமாக வந்திருக்கிறது.

பனியையும் சொல்ல வேண்டும். அதே இரண்டு நிமிடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வானிலையும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? ஒரு சுற்றில் தரை காய்ந்து கிடக்கிறது, அடுத்த சுற்றில் கூரையெல்லாம் வெள்ளை. படப்பிடிப்பு நாட்களில் கடும் பனி பெய்துவிட்டது. காத்திருக்கக் காசில்லாத சின்னப் படம், அப்படியே எடுத்தார்கள். பிழை என்றே சொல்லலாம். ஆனால் ஆற்றோரம் நிற்கும் அந்தப் பெண்ணின் மேல் திடீரென்று பனி விழும்போது, அவள் மனசுக்குள் ஏதோ மாறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. காசு கொடுத்துப் பெய்ய வைத்திருந்தால் இவ்வளவு சரியாக விழுந்திருக்காது.

குறையும் உண்டு. இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பதற்குக் கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு விளக்கம் வருகிறது. அவசரம் தெரிகிறது. மிகோட்டோ ஆற்றோரம் நின்று என்ன வேண்டிக்கொண்டாள் என்ற காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தை எழுதியவர் மகோட்டோ உவேதா. கியோட்டோவில் 'யூரோப் கிகாகு' என்ற நாடகக் குழுவை நடத்துகிறவர். 1998இல் தோஷிஷா பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய குழு அது. இதே குழு, இதே இயக்குநர், 2020இல் எடுத்த படம் 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்'. 70 நிமிடம், பெரும்பாலும் போனில் எடுத்தது, முழுப் படமும் ஒரே ஷாட் மாதிரி ஓடும். டோக்கியோவின் ஷிமோகிட்டசவா பகுதியில் டோலிவுட் என்ற பெயரில் ஒரு குட்டித் திரையரங்கு இருக்கிறது, அவர்களும் சேர்ந்து எடுத்தது. பெயரைப் பார்த்துத் தெலுங்குப் படம் ஓட்டும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டோ என்பவர் கீழே காபிக் கடை நடத்துகிறார், மேல்மாடியில் குடியிருக்கிறார். ஒரு நாள் ராத்திரி கிட்டார் மீட்டும் வில்லையைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டர் திரையில் அவரே தோன்றி, 'நான் இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இருக்கிற நீ' என்கிறார். கீழே கடையில் இருக்கும் டிவிக்கும் இந்தத் திரைக்கும் நடுவே இரண்டு நிமிட இடைவெளி. கீழே இறங்கி ஓடி, மேலே பார்த்த அதே பேச்சை இப்போது அவர் பேசியாக வேண்டும். இரண்டு திரைகளையும் நேருக்கு நேர் வைத்தால், கண்ணாடிக்குள் கண்ணாடி மாதிரி, நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று இன்னும் தள்ளிப் பார்க்கலாம் என்று நண்பர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

அதில் ஒரு காட்சி. பக்கத்துக் கடைப் பெண் மெகுமியைத் தன் இசை நிகழ்ச்சிக்குக் கூப்பிட கட்டோவுக்கு ஆசை. எதிர்காலத்துக் கட்டோ திரையில் வந்து, 'போய்க் கேள், சம்மதித்துவிட்டாள்' என்கிறார். நண்பர்கள் ஆரவாரம் செய்து அனுப்புகிறார்கள். போய்க் கேட்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள். இப்போது அவர் திரும்பி வந்து, இரண்டு நிமிடம் முந்தைய தன்னிடம் சிரித்த முகத்தோடு 'சம்மதித்துவிட்டாள்' என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திரையில் பார்த்தது அதுதான். மனசு உடைந்த மனுஷன், உடையாத தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. காலப்பயணத்தை வைத்து எத்தனையோ பெரிய படங்கள் வந்திருக்கின்றன. இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக அதில் எதையும் என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை.

நாங்கள் பார்த்த பிரதியில் சப்டைட்டில் ஒன்றரை செகண்ட் பிந்தி வந்தது. வழக்கமான படத்தில் பொறுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வசனம் இந்தப் பக்கத்து ஆளுடையதா, திரைக்குள் இருக்கும் ஆளுடையதா என்பதே குழம்பிவிட்டது. நிறுத்தி, வி.எல்.சி. பிளேயரில் ஹெச், ஜி பொத்தான்களைத் தட்டித் தட்டிச் சரி செய்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். அப்பா முகம் சுளிக்கவில்லை. எல்லோர் பெயரும் இப்போது மனப்பாடமாகிவிட்டது என்றார்.

கொரியப் பக்கம் வந்தால், 1998இல் வந்த 'தி கொயட் ஃபேமிலி'. கிம் ஜி-ஊனின் முதல் படம். சாங் காங்-ஹோ, சோய் மின்-சிக் இருவரும் பெரிய நட்சத்திரங்கள் ஆவதற்கு முன்பு ஒரே வீட்டு ஆட்களாக நடித்தது. 1997 கடைசியில் கொரியாவின் பொருளாதாரம் சரிந்து, சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கி, வேலை போனவர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் திரைக்கு வந்தது. ஒரு குடும்பம் மலைமேல் லாட்ஜ் நடத்துகிறது. ஆளே வருவதில்லை. வந்த முதல் விருந்தாளி ராத்திரியே தற்கொலை செய்துகொள்கிறார். போலீசுக்குச் சொன்னால் லாட்ஜ் பெயர் கெட்டுவிடும், எனவே புதைக்கிறார்கள். அடுத்து வருகிறவர்களும் செத்துப்போகிறார்கள். மறுபடி மண்வெட்டி. கடைசியில், அவர்கள் ஏங்கிக் காத்திருந்த ரோடு வரப்போகிறது, அதுவும் புதைத்த இடம் வழியாக.

இந்த ரோடு விஷயத்தை நான் முன்பு பார்த்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு வருடக்கணக்கில் காட் ரோட்டில் பஸ் ஏற்றியவர். "ரோடு வருதுன்னு ஒரு பேச்சு கிளம்பினா போதும், இருக்கற நகையெல்லாம் வித்து லாட்ஜ் கட்டிருவாங்க. பேச்சு நிக்கும், ரோடு வராது, கட்டடம் மட்டும் பாசி புடிச்சு நிக்கும்" என்று அவர் சொன்னதும், அந்தக் குடும்பம் ஏன் பிணத்தைப் புதைக்கிற அளவுக்குப் போனது என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் கொடூரர்கள் இல்லை. போட்ட காசு கண்ணெதிரே மண்ணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள்.

மொழிபெயர்த்துச் சொல்வதில் இன்னொன்றும் கிடைத்தது. சோய் மின்-சிக்கின் பாத்திரத்தைச் சப்டைட்டில் 'அங்கிள்' என்கிறது. நான் 'மாமா' என்று சொல்லிவிட்டேன். "அம்மாவோட தம்பியா?" என்றார் அப்பா உடனே. காதைத் தீட்டிக் கேட்டால் பிள்ளைகள் 'சம்ச்சோன்' என்கிறார்கள். அப்பாவின் தம்பி. சித்தப்பா! கொரிய மொழியில் இருந்த உறவு ஆங்கிலத்தில் தொலைந்து தமிழில் திரும்பக் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் யார் யாரை அதட்டலாம், யார் யாருக்கு அடங்க வேண்டும் என்பது ஒரே அடியில் தெளிவானது. 'யூ' என்று வருகிற இடமெல்லாம் 'நீ'யா 'நீங்க'ளா என்று நான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே நடிகர்களின் முதுகு எவ்வளவு வளைகிறது, கண் எங்கே போகிறது என்று பார்க்கப் பழகிவிட்டேன். கொரியப் படங்களில் யாராவது 'அப்பா' என்று கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார், இன்றுவரை.

இதே கதையைத்தான் தகாஷி மிக்கே ஜப்பானில் 'தி ஹேப்பினஸ் ஆஃப் தி கட்டகுரிஸ்' என்று 2001இல் எடுத்தார். அதில் பிணத்தைப் புதைத்துக்கொண்டே பாடுகிறார்கள். இடையிடையே களிமண் பொம்மை அனிமேஷனாக மாறிவிடுகிறது. வேலை போன செருப்புக் கடை விற்பனையாளராக, குடும்பத் தலைவராக வருபவர் கென்ஜி சவாதா, எழுபதுகளில் ஜப்பானையே ஆட்டிவைத்த பாடகர். கொரியப் படம் கதவை இழுத்து மூடிக்கொள்கிறது, ஜப்பானியப் படம் எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டு ஆடுகிறது. எனக்குக் கொரியப் படம்தான் ஒசத்தி. அப்பாவுக்குப் பாட்டு உள்ளது.

'ஆர்-பாயின்ட்' பற்றிக் கொஞ்சமாவது எழுதாமல் விட முடியாது. காங் சூ-சாங் இயக்கி 2004இல் வந்தது. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாக 1964 முதல் 1973 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரிய வீரர்கள் போனார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. படம் நடப்பது 1972 தொடக்கத்தில். ஆறு மாதம் முன்பு செத்துப்போனதாகக் கணக்கு முடித்த ஒரு படைப்பிரிவிடமிருந்து வயர்லெஸ்ஸில் குரல் வந்துகொண்டே இருக்கிறது. 'கழுதை மூன்று சைபர், கழுதை மூன்று சைபர்' என்று. தேடிப் போகிறவர்கள் ஒரு பாழடைந்த மாளிகையில் தங்குகிறார்கள். அது கம்போடியாவின் போகோர் மலைமேல் பிரெஞ்சுக்காரர்கள் 1925இல் திறந்த ஹோட்டல். அந்தச் சுவர்களில் அப்போது படர்ந்திருந்த துருச் சிவப்புப் பாசியை எந்தக் கலை இயக்குநராலும் பூசியிருக்க முடியாது.

திகில் படத்துக்கான ஓசை அதிகம் இல்லை. என்னை நடுங்க வைத்தது ஆள் எண்ணிக்கை. கிளம்பும்போது இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது. நடுவில் எண்ணிப் பார்த்தால் ஒருவர் கூடுதல். யார் கூடுதல் என்று தெரியவில்லை, எல்லா முகமும் தெரிந்த முகம். டிக்கெட் எண்ணிக்கையும் தலை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டிய தொழிலில் இருந்தவர் அப்பா. அந்த இடத்தில் சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசி அரை மணி நேரம் சத்தமும் ரத்தமுமாகச் சிதறிப்போகிறது என்பது என் வருத்தம். முதல் ஒரு மணி நேரத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

அப்பாவோடு பார்க்காமல் தனியாகப் பார்த்தது ஒன்றே ஒன்று, 'சேவ் தி கிரீன் பிளானட்'. ஜாங் ஜூன்-ஹ்வான், 2003. ஒரு ரசாயனக் கம்பெனி முதலாளியை வேற்றுக்கிரகவாசி என்று நம்பி ஓர் இளைஞன் கடத்திப் போய் நிலவறையில் கட்டிவைக்கிறான். குளிக்கும்போது அழுக்கு உருட்டும் முரட்டுத் துணியால் அவர் பாதத்தைத் தோல் உரியத் தேய்த்து, அதன்மேல் வலி மருந்தைப் பூசுகிறான். அந்தத் துணியும் மருந்தும் கொரியாவில் எல்லா வீட்டிலும் இருக்கிற பொருட்கள். அதனால்தான் அந்தச் சித்திரவதை அவ்வளவு எரிகிறது. நகைச்சுவைப் படம் என்று போஸ்டர் ஒட்டி விற்றார்கள், கொரியாவில் படுத்துவிட்டது. அதே வருடம் மாஸ்கோ விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியது. ஆனாலும் அவருக்கு அடுத்த முழுப்படம் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. 2025இல் ஹாலிவுட்டில் 'புகோனியா' என்று மறுபடி எடுத்த பிறகு பழையதைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தயவுசெய்து பழையதை முதலில் பாருங்கள். அந்த இளைஞன் ஏன் அப்படி ஆனான் என்பதைக் காட்டும் சில நொடிகள் கடைசியில் வருகின்றன. அதைத் தமிழில் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமைக்கு 'சம்மர் டைம் மெஷின் ப்ளூஸ்' எடுத்து வைத்திருக்கிறேன். உவேதாவின் பழைய நாடகம், 2005இல் படமானது. கல்லூரிப் பையன்கள் கொளுத்தும் வெயிலில், கெட்டுப்போன ஏசி ரிமோட்டுக்காகக் கால எந்திரத்தில் ஏறி நேற்றைக்குப் போகிறார்கள். கதையைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு முன்னாடி அந்த ஆத்தங்கரைப் படத்தை இன்னொரு தடவ போடு பாப்பா. எழுத்த நீ சொல்ல வேணாம். எனக்கு அந்த விடுதி வழியெல்லாம் தெரியும்" என்றார்.

நேற்று ராத்திரி அப்படித்தான் பார்த்தோம். நான் வாயே திறக்கவில்லை. மிகோட்டோ பின்வாசலில் நுழையும் ஒவ்வொரு முறையும், அப்பா இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டார், வளைவில் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி.